இலை சுருளுதா, காய் அழுகுதா? மருந்துக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி வெயிலையும் மழையையும் பாருங்க

தை மாசம் கேட்ட மருந்து சித்திரையில ஏன் கேக்க மாட்டேங்குது, பக்கத்துத் தோட்டத்துல ஒண்ணுமே இல்ல நமக்கு மட்டும் ஏன் இப்படின்னு நிறைய பேர் கேக்கறாங்க. பாதி பதில் பூச்சியில இல்ல, சுத்தி இருக்கற சூட்டுலயும் ஈரத்துலயும் காத்துலயும் இருக்கு. அதனால பூச்சிப் பேர் வரிசையில எழுதாம, செடியில என்ன தெரியுதோ அதுல இருந்து ஆரம்பிச்சு எழுதறேன். உங்க செடிக்கு எது பொருந்துதோ அந்த இடத்துக்கு நேரா போயிடலாம், ஆனா அடுத்த ரெண்டு பாராவ மட்டும் எல்லாரும் படிச்சிருங்க.

நம்ம உடம்பு மார்கழியா இருந்தாலும் அக்னி நட்சத்திரமா இருந்தாலும் 37 டிகிரியில நிக்கும், பூச்சிக்கு அது கிடையாது, வெளியில என்ன சூடோ அதுதான் அது உடம்புச் சூடு. ஒரு அளவுக்குக் கீழ குளிர் போனா வளர்ச்சி நின்னுரும், சூடு ஏற ஏற முட்டை சீக்கிரம் பொரியும், புழு சீக்கிரம் தின்னு சீக்கிரம் அந்துப்பூச்சி ஆகும், 35 தாண்டினா பெரும்பாலான பூச்சிக்கு மறுபடி தொல்லை ஆரம்பிக்கும். தக்காளி ஊசிப்புழுவ வச்சு ஒரு கணக்கு இருக்கு: 14 டிகிரியில முட்டையில இருந்து அந்துப்பூச்சி ஆக 76 நாள், 20க்குக் கொஞ்சம் கீழ 40 நாள், 27 டிகிரியில வெறும் 24 நாள். அதாவது குளிர்ல ஒரு தலைமுறை முடியற நேரத்துல வெயில்ல மூணு தலைமுறை, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பொட்டை நூறு இருநூறு முட்டை வைக்கும்னா மிச்சத்த நீங்களே பெருக்கிக்கோங்க. "15 நாளைக்கு ஒரு ஸ்ப்ரே"ன்னு வருஷம் பூரா ஒரே காலண்டர் வச்சிருக்கறவங்களுக்கு அடி விழறது இங்கதான்.

அப்புறம் செடியப் பாக்கற நேரம். காலையில 6 மணிக்கு மேல 8 மணிக்குள்ள, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, இலையத் திருப்பிப் பாருங்க. மத்தியானம் போய்ப் பாத்தா பாதிப் பூச்சி அடி இலைக்கோ மண்ணுக்கோ போயிருக்கும். 10 மடங்கு பெருசா காட்டற சின்ன லென்ஸ் ஒண்ணு, ஒரு வெள்ளப் பேப்பர், நெழல்ல தொங்க விட ஒரு தெர்மாமீட்டர், இவ்வளவு போதும். போன்ல காட்டற வெப்பம் எங்கயோ இருக்கற ஸ்டேஷனோடது, உங்க மல்ச்சிங் ஷீட்டுக்கு மேலயோ நெட் ஹவுஸுக்குள்ளயோ அதவிட நாலஞ்சு டிகிரி கூடவே இருக்கலாம்.

மொளகா இலை சுருளுது

முதல்ல எந்தப் பக்கம் சுருளுதுன்னு பாருங்க, இதைப் பாக்காமலேயே மருந்து வாங்கறவங்கதான் அதிகம். ஓரம் மேல் பக்கமா மடிஞ்சு படகு மாதிரி நின்னா அது இலைப்பேன். ஓரம் கீழ் பக்கமா கவுந்து, இலைக்காம்பு நீண்டு, இலை குறுகி நின்னா அது மஞ்சள் சிலந்தி. குருத்த வெள்ளப் பேப்பர் மேல வச்சு தட்டினா இலைப்பேன் நீள வாக்குல மெல்லிசா வேகமா ஓடும், சிலந்தி லென்ஸ் இல்லாம கண்ணுக்கே தெரியாது.

இலைப்பேனுக்குப் புடிச்சது சூடும் வறட்சியும், மாசியில ஆரம்பிச்சு வைகாசி வரைக்கும் அதோட ராஜ்ஜியம். மண்ணுல போய்க் கூட்டுப்புழுவா இருக்கற பருவம் அதுக்கு உண்டு, ட்ரிப் (சொட்டுநீர்) போட்ட காட்டுல செடிக்கு அடியில மட்டும் நனைஞ்சு மத்த இடமெல்லாம் காஞ்சு கெடக்கறதால அது நிம்மதியா வெளிய வந்துரும், ஒரு நல்ல கோடை மழை பெஞ்சா பாதி செடியில இருந்து அடிச்சுட்டுப் போயிரும், மீதி மண்ணுல சாகும். அதனால ரெண்டு நாள்ல மழை வரும்னு தெரிஞ்சா ஸ்ப்ரேய நிறுத்தி வச்சு, மழைக்கு அப்புறம் எண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. மஞ்சள் சிலந்தி கதை வேற, அதுக்கு இதமான சூடும் காத்துல ஈரமும் வேணும், மேகமூட்டமா புழுக்கமா இருக்கற நாள்லயும் நெட் ஹவுஸுக்குள்ளயும்தான் பெருகும். வறண்ட வெயில்ல கீழ்ச்சுருட்டைய விட மேல்சுருட்டைதான் அதிகம் வரும், புழுக்கத்துல ரெண்டும் கலந்து வரும்.

ஒரு எச்சரிக்கை. இலைப்பேன்னா வெயில் காலப் பூச்சின்னு மனசுல பதிஞ்சு போச்சு, ஆனா 2021 கடைசியில ஆந்திரா, தெலங்கானா மொளகாய்க் காட்டை அழிச்ச புது இலைப்பேன் மழை ஓஞ்ச குளிர் மாசத்துலதான் வெறியாடுச்சு. அது இலையவிட பூவுலதான் கூட்டமா உக்காரும், பூவப் பிச்சு உள்ளங்கையில தட்டினா கருப்பா ஓடும், பூ கொட்டும், காய் புடிக்காது. அதனால மார்கழியில பூ உதிர்ந்தா "இது பனி"ன்னு சொல்லிட்டு விட்டுராதீங்க, பூவப் பிச்சுப் பாருங்க. இந்தப் பூச்சிக்கு நீலக்கலர் ஒட்டுப்பொறி வச்சா கண்காணிக்க வசதி.

வெண்டை, கத்திரி இலையில ஊசி குத்துன மாதிரி வெள்ளப் புள்ளி, அடியில வலை

சிவப்புச் சிலந்தி. 30 டிகிரிக்கு மேல காத்துல ஈரம் இல்லாம இருந்தா ஒரு வாரம் பத்து நாள்ல ஒரு தலைமுறை முடிச்சுரும். ரோட்டோரக் காட்டுல, மண்ரோட்டுல வண்டி போற பக்கத்து ரெண்டு வரிசையில முதல்ல வரும், புழுதி படிஞ்ச இலையில இதத் திங்கற பூச்சிகளுக்கு நடமாட முடியாது, சிலந்திக்கு அது சவுரியம்.

இது பூச்சியே கிடையாது, எட்டுக் கால். பூச்சிக்குன்னு விக்கற இமிடாகுளோப்ரிட் மருந்த அடிச்சு ஒண்ணும் ஆகலைன்னா அதிசயமில்ல. அதவிட மோசம், காய்ப்புழுவுக்குன்னு சைபர்மெத்ரின் வகை மருந்த வரிசையா அடிச்ச காட்டுலதான் சிலந்தி வெடிக்கும், ஏன்னா அதத் தின்னுட்டிருந்த நல்ல சிலந்திய நீங்களே கொன்னுருக்கீங்க. நனையற கந்தகம் மலிவான நல்ல மருந்துதான், ஆனா 32 டிகிரிக்கு மேல அடிச்சா இலை கருகும், பூசணி வெள்ளரி வகைக்கு இன்னும் பயம். வெயில் காலத்துல சிலந்திக்குன்னே இருக்கற புரோபார்கைட், ஸ்பைரோமெசிஃபென் மாதிரி ஒண்ண, லேபிள்ல உங்க பயிர் பேர் இருக்கான்னு பாத்துட்டு சாயங்காலம் இலைக்கு அடியில படற மாதிரி அடிங்க. அதுக்கு முன்னாடி பவர் ஸ்ப்ரேயர்ல வெறும் தண்ணிய அடியில இருந்து மேல ஒரு தடவை அடிச்சு வலையையும் புழுதியையும் கழுவி விட்டாலே பாதி வேலை முடிஞ்சிரும்.

வெண்டையில நரம்பு மஞ்சளாகுது, தக்காளியில குருத்து சுண்டி நிக்குது

இது வைரஸ், கொண்டு வந்தது வெள்ளை ஈ. இங்க எல்லாரும் தப்பான நாளைப் பாக்கறாங்க. இன்னிக்கு நரம்பு மஞ்சளா தெரியுதுன்னா ஈ வந்து கடிச்சது ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி, அப்ப வெயில் எப்படி இருந்துச்சு, நாத்து எங்க இருந்துச்சுன்னு யோசிங்க. 28 முதல் 30 டிகிரி, மழை இல்லாத நாள், இதுல மூணு வாரத்துக்குள்ள வெள்ளை ஈ ஒரு தலைமுறை முடிக்கும். அதான் மாசி பங்குனியில விதைச்ச வெண்டை சீக்கிரம் மஞ்சளாகறதும், கார்த்திகை மழையில வளர்ந்த வெண்டை தப்பிக்கறதும்.

மஞ்சளான செடிக்கு மருந்து கிடையாது, புடுங்குங்க, சாக்குல போட்டு வெளிய எடுத்துட்டுப் போங்க. ஏக்கருக்கு அஞ்சாறு மஞ்சள் ஒட்டுப்பொறிய செடி உயரத்துல வைங்க, ஓரத்துல மக்காச்சோளம் ரெண்டு வரிசைய காய்கறி நடறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே போட்டு வைங்க, ஈ காத்தோட வரும்போது அங்கயே கொஞ்சம் தடுத்துரும். தக்காளி நாத்த நெருக்கமான கண்ணு உள்ள நெட்டுக்குள்ள வளர்க்கறது கோடையில கட்டாயம், நட்டு ஒரு மாசத்துக்குள்ள சுருட்டை வந்த செடியில காய் எதிர்பாக்காதீங்க. ஆடிக் காத்து பத்தியும் சொல்லணும். பாலக்காட்டுக் கணவாய் வழியா உடுமலை, பல்லடம் பக்கம் அடிக்கற காத்து வெள்ளை ஈயத் தூக்கிட்டு வந்து மேற்கு ஓரத்துல கொட்டும், பொறிய அந்தப் பக்கமா கூட வைங்க, ஆய்வும் அங்கிருந்தே ஆரம்பிங்க.

இலை பிசுபிசுன்னு, மேல கரும்பூசணம், எறும்பு ஏறுது

தட்டை, அவரை, கோஸ், பூசணின்னா அசுவினி. கார்த்திகைக் கடைசியில இருந்து மாசி வரைக்கும், பகல் 25 பக்கத்துல, காலையில பனி, வாரக்கணக்கா மேகமூட்டம்னா இதுக்குக் கொண்டாட்டம், ஆணே இல்லாம நேரா குட்டி போட்டு ஒரு வாரத்துல அந்தக் குட்டியும் குட்டி போடும். அதுக்கு எதிரா வேலை செய்யற பொறிவண்டு குளிர்ல மெதுவாத்தான் பெருகும். மாசியில வெயில் ஏறுனதும் கணக்கு மாறும், அப்ப செடியில பொறிவண்டுக் குட்டி (கருப்பு உடம்புல ஆரஞ்சுப் புள்ளி, ஆறு காலு, பாத்தா பயமா இருக்கும், அதைக் கொன்னுராதீங்க) அங்கங்க இருந்தா மருந்து அடிக்காம ஒரு வாரம் பொறுங்க. எறும்ப மட்டும் நிறுத்துங்க, அது அசுவினிக்குக் காவல் காக்கும். யூரியாவ அள்ளிப் போட்டு குருத்து கொழுகொழுன்னு இருந்தா எந்த வெயில்லயும் அசுவினி வரும், அது வானிலை தப்பு இல்ல.

இதே பிசுபிசுப்பு சித்திரையில பஞ்சு ஒட்டுன மாதிரி வந்தா மாவுப்பூச்சி. மாடித் தோட்டத்துல கான்கிரீட் சூடு ராத்திரி வரைக்கும் இறங்காது, மழைத்தண்ணியும் நேரா படாத மூலையில வச்ச தொட்டிக்குத்தான் முதல்ல வரும். தொட்டிய நகத்துங்க, வேகமா தண்ணி பீச்சுங்க, காதி சோப்புத் தண்ணி, இது போதும் மாடிக்கு.

முட்டைக்கோஸ், காலிபிளவர் இலை கண்ணாடி மாதிரி, அப்புறம் சல்லடை

சந்தேகமே வேண்டாம், வைரமுதுகுப் புழு. தொட்டுப் பாருங்க, துள்ளிப் பின்னாடி போய் நூல் விட்டுத் தொங்கும். சின்னப் புழு இலையோட ஒரு பக்கத் தோலை மட்டும் விட்டுட்டுச் சுரண்டும், அதான் அந்தக் கண்ணாடி.

ஊட்டியிலயும் இதே பூச்சி, ஒட்டன்சத்திரத்துலயும் இதே பூச்சி, ஆனா வைத்தியம் ஒண்ணா இருக்க முடியாது. மலையில குளிர்ல ஒரு தலைமுறைக்கு மாசத்துக்கு மேல ஆகும், சமவெளியில சூட்டுல ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சிரும். மலையில இன்னொரு வரமும் உண்டு, டயடெக்மான்னு ஒரு ஒட்டுண்ணிக் குளவிய வெளிய இருந்து கொண்டு வந்து நீலகிரியில விட்டாங்க, அது அங்க நிலைச்சிருச்சு. அதே குளவிய சமவெளியில விட்டா வேலைக்காவாது, அதுக்குக் குளிர் வேணும். கீழ சூட்டைத் தாங்கற கொட்டீசியா குளவிதான் நமக்கு. மலைத் தோட்டக்காரர் சொன்ன மருந்தையும் இடைவெளியையும் கேட்டுட்டு கீழ வந்து அப்படியே செய்யறது எவ்வளவு அபத்தம்னு இதுல இருந்தே புரியும்.

மழை இந்தப் புழுவுக்கு எமன். பலமா பெஞ்சா சின்னப் புழு இலையில இருந்து கழுவிட்டுப் போய் மூழ்கிச் சாகும், அதனாலதான் ஐப்பசிக் கோஸ்ல கம்மி, பங்குனிக் கோஸ்ல மருந்துச் செலவு தாங்க முடியாது. ஸ்பிரிங்க்ளர் இருக்கறவங்க வெயில் காலத்துல அந்தி நேரத்துல கொஞ்ச நேரம் ஓட விடலாம், அந்துப்பூச்சி ஜோடி சேர்றதும் முட்டை வைக்கறதும் அந்நேரந்தான், அது கெடும். ஆனா காட்டுல ஏற்கெனவே இலை ஓரம் வி வடிவத்துல மஞ்சளாகிற கருப்பழுகல் இருந்தா இதப் பண்ணாதீங்க, தண்ணித் தெறிப்புல அது காடு முழுக்கப் பரவிரும். கடுகு வரிசை போடறது நல்ல பழக்கம், 25 வரிசைக் கோஸுக்கு ஒரு ஜோடி, பூச்சி கடுகுக்குத்தான் முதல்ல போகும், ஆனா போட்டுட்டு கடுகுல மருந்து அடிக்காம விட்டா அதுவே பூச்சிப் பண்ணை.

தக்காளி இலையில கோடு, காய்ல ஊசி ஓட்டை

வெள்ளக் கோடு மெல்லிசா வளைஞ்சு வளைஞ்சு போனா அது சுரங்க ஈ, செடி வளர்ந்த பிறகு அடி இலையில மட்டும் இருந்தா அதுக்காகச் செலவு பண்ணாதீங்க. கோடா இல்லாம அகலமா திட்டுத்திட்டா, உள்ள கருப்பா எச்சம் தெரிஞ்சு, காம்புக்குக் கீழ காய்ல ஊசி ஓட்டையும் இருந்தா ஊசிப்புழு. தென்னமெரிக்காவுல இருந்து கிளம்பி 2014ல மகாராஷ்டிராவுக்கு வந்துச்சு, அப்புறம் நம்ம பக்கமும் பரவிருச்சு. மேல சொன்ன 76 நாள், 24 நாள் கணக்கு இதோடதுதான், அதனால தையில கண்ணுல பட்ட நாலு ஓட்டை பங்குனியில காடு முழுக்க ஆகும், தையிலயே இனக்கவர்ச்சிப் பொறி தொங்கணும்.

விலை இல்லாத வருஷம் இது இன்னும் மோசம். பெட்டி கூலிக்கே கட்டலைன்னு பறிக்காம விட்ட தக்காளிக் காடு பக்கத்துல இருந்தா நீங்க என்ன அடிச்சாலும் அங்கிருந்து வந்துட்டே இருக்கும். அந்தக் காட்டுக்காரர்கிட்ட பேசி ரோட்டவேட்டர் விடச் சொல்றதுதான் உங்க முதல் மருந்து, கொஞ்சம் டீசல் காசு நீங்களே குடுத்தாலும் லாபம்.

பாவக்கா, பீர்க்கன் வளைஞ்சு, வெம்பி, உள்ள புழு

பழ ஈ. காஞ்ச கோடையில கம்மி, மழை விழுந்து மண் ஈரமானதும் கூட்டிலிருந்து வெளிய வரும், காத்துல ஈரமும் இருந்தா ஆவணியில இருந்து மார்கழி வரைக்கும் தொல்லை. மழை பெஞ்ச ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ல பிசின் துளி தெரிஞ்சா அதுதான் முட்டை வச்ச இடம்.

பொறி வச்சும் ஈ விழலைன்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்கற முதல் கேள்வி, பொறிக்குள்ள ஈய இழுக்க என்ன மாத்திரை போட்டீங்க? மாம்பழத்துக்கு விக்கற மீதைல் யூஜினால பந்தல்ல தொங்க விட்டா கொடிக்காய் ஈ திரும்பிக்கூட பாக்காது, அதுக்கு கியூலூர் வேணும். இதுல ஆண் ஈதான் விழும், பொட்டைக்குக் கருவாட்டுப் பொறி. விழுந்த காய பந்தலுக்கு அடியிலயே விட்டா புழு துள்ளி மண்ணுக்குள்ள போயிரும், ரெண்டு இஞ்ச் மண் போட்டு மூடறதும் பிரயோஜனமில்ல, பாலித்தீன் பையில கட்டி வெயில்ல போடுங்க, நம்ம வெயில் உள்ள இருக்கற புழுவ அவிச்சுரும்.

மழைக்கு அப்புறம் ஒரே ராத்திரியில இலையக் காணோம்

வெட்டுப்புழு, நம்ம ஊர்ல புரோடீனியான்னா எல்லாருக்கும் தெரியும். நீண்ட வறட்சிக்கு அப்புறம் நல்ல மழை வந்தா மண்ணுல இருந்த கூடெல்லாம் ஒண்ணா வெளிய வரும், அதான் திடீர்னு வந்த மாதிரி இருக்கும். பகல்ல செடி மேல தேடாதீங்க, தூருக்குப் பக்கத்துல மண்ணைக் கிளறுங்க, இல்ல ராத்திரி டார்ச். ஓரத்துல ஆமணக்கு இருந்தா முட்டைக் குவியல் அந்த இலையில இருக்கும், இலையோட கிள்ளி எடுத்தா நூத்துக்கணக்குல போச்சு.

பூச்சியே இல்ல, ஆனா செடி சரியில்ல

தக்காளியில அடி இலை மட்டும் மேல்பக்கமா சுருண்டு, பச்சையா தடிப்பா இருந்தா அது வெயிலுக்கும் தண்ணிக் குறைவுக்கும் செடி செஞ்சுக்கற ஏற்பாடு, வைரஸ்னா குருத்து சின்னதாகி மஞ்சளா இருக்கும். பகல் 35க்கு மேல, ராத்திரி 24, 25க்குக் கீழ இறங்கலைன்னா பூ கொட்டும், எந்த டானிக்கும் காப்பாத்தாது. காயோட அடி கருப்பா குழிஞ்சா தண்ணி விடறதுல ஏத்த இறக்கம். இலை குச்சி மாதிரி குறுகி நரம்பு நேர் நேரா வந்துச்சுன்னா, பக்கத்துச் சோளக்காட்டுக்கோ கரும்புக்கோ யாராவது 2,4-டி களைக்கொல்லி அடிச்சாங்களான்னு விசாரிங்க.

மருந்து அடிச்சும் கேக்கலை

எந்த நேரத்துல அடிச்சீங்க? சைபர்மெத்ரின், லாம்ப்டா வகையெல்லாம் பொதுவா சூடு ஏற ஏற வீரியம் கம்மியாகும், மார்கழியில கேட்ட அதே அளவு சித்திரை மத்தியானத்துல கேக்காது, அளவைக் கூட்டறது தீர்வு இல்ல, நேரத்தை மாத்துங்க. வேப்பங்கொட்டைக் கரைசல் (100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு) வெயில்ல சீக்கிரம் சக்தி இழக்கும், வேப்பெண்ணெய மத்தியானம் அடிச்சா இலையே வெந்துரும். புழுவுக்கு நோய் வர வைக்கற என்பிவி வைரஸ் கரைசலையும் வெயில் அன்னிக்கே கொன்னுரும். பூச்சி மேல முளைச்சு அதக் கொல்ற பவேரியா பூஞ்சாணம் 35 டிகிரியில, காஞ்ச காத்துல முளைக்காது, அத மழை மாசத்துக்கு வச்சுக்கோங்க, இல்லைன்னா தண்ணி பாய்ச்சுன அன்னிக்கு சாயங்காலம் அடிங்க. இது எல்லாத்துக்குமே சாயங்காலம் 4 மணிக்கு மேலதான் நல்ல நேரம்.

நேரமும் சரி, அளவும் சரி, அப்பவும் கேக்கலைன்னா பாட்டில்ல பெரிய எழுத்துல இருக்கற பேரை விட்டுட்டு கீழ சின்ன எழுத்துல இருக்கற டெக்னிக்கல் பேரைப் படிங்க. குளோரான்ட்ரானிலிப்ரோல், சையன்ட்ரானிலிப்ரோல், ஃப்ளூபெண்டியமைடு மூணும் ஒரே குடும்பம், மூணையும் மாத்தி மாத்தி அடிச்சா மருந்த மாத்துன கணக்கில்ல. வெயில் காலத்துல மாசத்துக்கு ஒரு தலைமுறைக்கு மேல ஓடறதால தப்பிச்ச புழுவோட வாரிசும் வேகமா பெருகும், அதனால ஒரு தலைமுறைக்கு ஒரு குடும்பம், அடுத்ததுக்கு வேற குடும்பம். கோஸ்ல சமவெளி வெயில்ல அந்த இடைவெளி ரெண்டு மூணு வாரம், ஊட்டியில மாசத்துக்கு மேல.